மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் நோயாளியை அனுப்புவது: மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனையின் இரவு டூட்டி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒற்றை அறை கிளினிக். எங்கே போய்ப் பேசினாலும் மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறோம். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். மருந்தளவுகள் மருத்துவர்களுக்கானவை, வீட்டில் படிப்பவர்கள் அதைப் பார்த்து எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

யாரை அனுப்பணும், யாரை நானே பார்த்துக்கலாம்?

லேசான, நடுத்தர மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை இவற்றை நீங்களே பார்க்கலாம். காதில் குரல் கேட்கிறது என்பவர், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்பவர், நாலு நாள் தூங்காமலும் களைப்பே இல்லாமல் கடன் வாங்கிச் செலவு செய்பவர், தற்கொலைத் திட்டம் வைத்திருப்பவர், 18 வயதுக்குட்பட்டவர், கர்ப்பிணி, புதிதாகப் பிரசவித்தவர், சரியான அளவில் ஆறு வாரம் மருந்து கொடுத்தும் தேறாதவர் ஆகியோரை அனுப்புங்கள்.

அளவுகோல் வேண்டுமென்றால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் போதும். மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை தொடங்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அனுப்ப வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்ஜியம் தவிர எது வந்தாலும், மொத்தம் 6 ஆகவே இருந்தாலும், உட்காரவைத்துப் பேசாமல் வெளியே விடாதீர்கள்.

குடிக்கு ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் உண்டு. 8 முதல் 15 வரை வந்தால் அங்கேயே ஐந்து நிமிடம் பேசுங்கள். 16 முதல் 19 வரை என்றால் ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். 20 அல்லது அதற்கு மேல் என்றால் அனுப்புங்கள். 'எத்தனை டிரிங்க்?' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. குவார்ட்டர் கணக்கில் கேளுங்கள். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். படிவம் கேட்கும் கணக்கில் அது ஆறு டிரிங்க். 'ஒரு குவார்ட்டர்தான் சார், லேசாதான்' என்பவர் படிவத்தில் எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள்.

எல்லாரையும் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடலாமா?

வேண்டாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794 முதல் இருக்கும் பெரிய நிறுவனம். சிக்கலான நோயாளிகளுக்கும் நீண்ட நாள் உள்நோயாளிகளுக்கும் அது தேவை. ஆனால் கிருஷ்ணகிரிக்காரரை அங்கே அனுப்பினால் ஒருமுறை போய்வருவார், மாத்திரை தீர்ந்ததும் நிறுத்திவிடுவார். மாதாமாதம் போய்வரக்கூடிய தூரமா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலத் துறை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வருகிறது. எந்த வாரம், எந்த நாள், எந்த ஊர் என்பதை மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தில் கேட்டு எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் இல்லாத கிளினிக்கில் 'மனநல மருத்துவரைப் பாருங்கள்' என்பது வெறும் வாய்ச்சொல்.

தொலைபேசியில் 14416. டெலி மானஸ் என்ற இந்த இலவசச் சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவதைவிட, உங்கள் மேசையிலிருந்தே அழைத்து ஸ்பீக்கரில் போட்டு நோயாளியிடம் கொடுங்கள். முதல் அழைப்பு முடிந்துவிட்டால் இரண்டாவதை அவரே செய்வார். போதைக்கென்று தேசிய எண் 14446, புகையிலைக்கு 1800-11-2356.

'மனநல டாக்டர்'னு சொன்னதுமே 'நான் என்ன பைத்தியமா?'ன்னு எழுந்துடறாங்க. எப்படித்தான் சொல்றது?

பெரும்பாலும் பிரச்சினை அந்தச் சொல்லில் இல்லை, அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருக்கிறது. நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், உடம்பெல்லாம் எரிச்சல் என்று ஆறு மாதமாக அலைகிறவரிடம் 'உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்' என்று சொல்லிவிட்டு மனநலத்துக்கு அனுப்பினால், 'நீ நடிக்கிறாய், போ' என்றுதான் அவர் காதில் விழும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஈசிஜி பார்த்தேன், இதயம் நல்லா இருக்கு. ஆனா உங்க படபடப்பு நிஜம்தான். தூக்கம் கெட்டு, கவலை கூடினா நரம்பு மண்டலம் இப்படித்தான் எகிறும். இதுக்கு மருந்து இருக்கு, பேசியும் சரிபண்ணலாம். அதுல என்னைவிடத் தேர்ந்தவர் ஒருத்தர் செவ்வாய்க்கிழமை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர்றார். அவரைப் பார்த்துட்டு புதன்கிழமை என்னை வந்து பாருங்க.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கைகழுவிவிட்டார் என்ற நினைப்பை அதுதான் போக்கும். புதன்கிழமை உண்மையிலேயே பார்க்கவும் வேண்டும்.

'நரம்பு டாக்டர்' என்று பொய் சொல்லி அனுப்பும் வழக்கம் உண்டு. வாசலில் பலகையைப் படித்ததும் அவர் திரும்பிவிடுவார். அடுத்த முறை உங்களையும் நம்ப மாட்டார்.

கோயில், தர்கா, மந்திரிக்கிறதுன்னுதான் முதல்ல போறாங்க. தடுக்கணுமா?

சண்டை போடாதீர்கள். குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ போகிற குடும்பம் நோயாளியைக் கைவிடாத குடும்பம். 'தாராளமா போய்ட்டு வாங்க, மாத்திரையை மட்டும் பையில எடுத்துட்டுப் போங்க' என்றால் கேட்பார்கள். ஏர்வாடி தர்காவிலேயே துவாவும் மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு மனநலச் சேவை ஏற்பாடாகியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது சங்கிலி ஒன்றுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு தடைசெய்கிறது.

சீட்டுல என்ன எழுதணும்? நேரம் இல்லையே.

'மனநோயாளி, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று ஒரு வரி எழுதினால், அந்தப் பக்கம் இருப்பவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும். 80 பேர் நிற்கும் ஓபியில் அது நடக்காது. மூன்று நிமிடத்தில் எழுதக்கூடிய ஒரு மாதிரி இதோ. நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், எழுதுங்கள், விஷயம் இதுதான்:

'42 வயது ஆண், கொத்தனார், மனைவி உடன் வருகிறார். 15 ஆண்டுக் குடி. 2 ஆண்டாகத் தினமும் 3 குவார்ட்டர், காலையிலேயே தொடங்குகிறார். கடைசியாகக் குடித்தது நேற்று இரவு 9 மணி. போன ஆண்டு நிறுத்தியபோது ஒருமுறை வலிப்பு. இப்போது நாடி 108, ரத்த அழுத்தம் 150/96, கைநடுக்கம் உண்டு, தெளிவாகப் பேசுகிறார், காமாலை இல்லை. சாவு எண்ணம் கேட்டேன்: செத்தால் தேவலை என்று தோன்றுகிறது, திட்டம் இல்லை. அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். இங்கே கொடுத்தது காலை 10 மணிக்கு தயமின் 200 மி.கி. ஊசி, டயஸெபாம் 10 மி.கி. மாத்திரை. வேண்டுவது: உள்நோயாளியாக வைத்துக் குடிநிறுத்தம். திரும்பிய பின் மாத்திரையை இங்கே தொடரத் தயார். என் எண் கீழே.'

இதில் பலர் தவறவிடுவது மூன்று: கடைசியாகக் குடித்த நேரம், நீங்கள் கொடுத்த மருந்தும் நேரமும், நீங்கள் கேட்பது என்ன என்பது. கடைசி வரியும் உங்கள் எண்ணும் இருந்தால் பதில் வர வாய்ப்பு கூடும். உறையில் போட்டு ஒட்டுங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் படிக்க வேண்டிய காகிதம் அல்ல அது.

அனுப்பறதுக்கு முன்னாடி என்ன டெஸ்ட் எடுக்கணும்?

சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, குடிப்பவருக்குக் கல்லீரல் சோதனை, கருவுறும் வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பச் சோதனை. இவை இல்லை என்பதற்காக அவசர நோயாளியை நிறுத்திவைக்காதீர்கள். சோதனையை விட முக்கியம் மருந்துப் பட்டியல்: ஸ்டீராய்டு, காசநோய்க்கான ஐசோநியாசிட், சைக்ளோசெரின் ஆகியவை மனநோய் போலவே தோற்றம் காட்டும்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்தவர் திடீர்னு உளறுறார். மனநலத்துக்குத்தானே?

முதலில் இல்லை. 60 வயதில் முதல்முறையாக, ஒரே நாளில், நாளும் நேரமும் தெரியாமல், காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும், இல்லாத பூச்சியையும் ஆளையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் அது டெலிரியம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், தலையில் அடி, குடி நிறுத்தம் என்று காரணம் உடம்பில் இருக்கும். பொது மருத்துவத்துக்கு அனுப்புங்கள்.

காய்ச்சலோ வலிப்போ சேர்ந்திருந்தால் இளம் வயதினருக்கும் இதே விதிதான், மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். 'மெண்டல் கேஸ்' என்று ஒருமுறை சீட்டில் எழுதிவிட்டால், அதன்பின் யாரும் காய்ச்சலைப் பார்க்க மாட்டார்கள்.

சாகணும்னு தோணுதான்னு கேட்டா, நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. பலருக்குக் கேட்டதே ஆறுதல். படிப்படியாக இறங்குங்கள்: 'ஏன்தான் இருக்கோம்னு தோணுமா?' 'காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு?' 'உயிரை மாய்ச்சுக்கணும்னு?' 'எப்படின்னு யோசிச்சீங்களா?' 'அதுக்கு எதாவது வாங்கி வெச்சிருக்கீங்களா?' 'முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணினீங்களா?'

எண்ணம் மட்டும், திட்டமில்லை என்றால் அந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி, 14416ஐ அவர் போனில் சேமித்துக் கொடுங்கள். திட்டமோ, வாங்கி வைத்த பொருளோ, முந்தைய முயற்சியோ இருந்தால் அன்றைக்கே, துணையோடு, தனியாக விடாமல் அனுப்புங்கள். விவசாயக் குடும்பம் என்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று உறவினரிடம் கேட்டு, வீட்டை விட்டே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். உந்துதல் பல சமயம் சில நிமிடங்களில் தணிவது; கைக்கெட்டும் தூரத்தில் பொருள் இல்லாததே உயிரைக் காக்கும். நீங்கள் எழுதித் தரும் மாத்திரையையும் ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

எலி பேஸ்ட் சாப்பிட்டு வந்த பொண்ணு இப்ப நல்லா இருக்கா. வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க.

அனுப்பாதீர்கள். எலி பேஸ்ட்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். முதல் நாள் வாந்தி, வயிற்றெரிச்சல். அடுத்து ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாதது போல் அமைதி. அதன்பின் கல்லீரல் செயலிழக்கலாம். இதற்கு முறிமருந்து கிடையாது. குறைந்தது மூன்று நாள் உள்ளே வைத்து, கல்லீரல் சோதனையும் ரத்தம் உறையும் நேரமும் தினமும் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்புங்கள். 'இப்ப நல்லா இருக்கா' என்ற அந்த நாள்தான் பலர் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகும் நாள்.

எந்த விஷமானாலும் உடம்பு தேறியதும் நேரே வீடு என்று இருக்கக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு முன் மனநலப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் தேதியும் இடமும் எழுதிய சீட்டாவது கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போன முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை.

போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து, தவறி குடிச்சதா எழுதச் சொல்றாங்க.

விபத்துப் பதிவேட்டில் எழுதுவது வேறு, வழக்கு வேறு என்று விளக்குங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு அப்படியே தொடரவில்லை. அரசு ஊழியரை மிரட்டவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றம். பொய்யாக எழுதினால் மனநல உதவி கிடைக்கும் வழியும் அடைபட்டுவிடும்.

குடிக்கிறவரை நாளையிலேருந்து தொடாதேன்னு சொல்லி அனுப்பலாமா?

எப்போதாவது குடிப்பவரிடம் சொல்லலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு போட்டால்தான் நிற்கிறது என்பவரிடம் அப்படிச் சொல்வது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள் வரும். 48 முதல் 96 மணிக்குள் வருவது டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற, நடுக்கத்தோடு கூடிய கடும் குழப்பம், அதில் உயிர் போகலாம். கால் முறிந்து திங்கட்கிழமை ஆர்த்தோ வார்டில் சேர்ந்தவர் புதன்கிழமை ராத்திரி போர்வையில் பூச்சி பொறுக்கத் தொடங்கினால், அவரிடம் குடியைப் பற்றித் திங்கட்கிழமையே யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

முன்பு வலிப்போ டெலிரியமோ வந்ததில்லை, கடும் கல்லீரல் நோய் இல்லை, தற்கொலை எண்ணம் இல்லை, வீட்டில் குடிக்காத ஒருவர் கூடவே இருப்பார், தினமும் வந்து காட்ட முடியும் என்றால் வெளிநோயாளியாகவே நிறுத்தலாம். குளோர்டயஸெபாக்ஸைடை 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறையுங்கள். இரண்டு நாள் மாத்திரைக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள். கல்லீரல் கெட்டவருக்கு லோரஸெபாம் நல்லது, அவரை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நிபந்தனையில் ஒன்று தவறினாலும் உள்நோயாளிதான்.

'சோர்ந்து கிடக்கிறார்' என்று குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தயமின் (வைட்டமின் பி1) போடாமல் குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள். வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பை அது கிளப்பிவிடலாம். குழப்பம், நடைத் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, இவற்றில் எது தெரிந்தாலும் தயமின் 500 மி.கி. சிரை வழியாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை தேவை. அவ்வளவு கையிருப்பு இல்லையென்றால் இருப்பதைப் போட்டு அனுப்புங்கள். சர்க்கரை இறங்கிக் கிடப்பவருக்கு மட்டும் தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதிக்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்க மாத்திரை கேக்கறாங்க, பாவமா இருக்கு.

கொடுக்கக் கூடாது. அப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிரம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தெரிந்து சாப்பிடுபவர் பயந்து குடிக்காமல் இருப்பார், மருந்தின் வேலையே அதுதான். தெரியாமல் சாப்பிடுபவருக்கு அந்தத் தடை இல்லை. 'ஏழு நாளில் குடி மறக்கும்' என்று சுவரில் விளம்பரம் செய்யும் பொடியிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அடுத்த பதில் அவருக்கானது.

ஆளே வரமாட்டேங்கிறார். வீட்டுக்காரங்களை மட்டும் அனுப்பி என்ன பிரயோஜனம்?

நிறைய உண்டு. போதை மீட்பு மையங்களில் குடும்பத்துக்கென்று தனி ஆலோசனை நடக்கிறது. போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாதது, கடனை அடைத்துக் காப்பாற்றாதது, அடி விழுந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே முடிவுசெய்வது, எந்த நேரத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது என்று அங்கே சொல்லித் தருவார்கள். குடிக்காமல் இருக்கும் காலை நேரமும், மஞ்சள்காமாலையோ விபத்தோ முடிந்த மறுவாரமும்தான் பேச உகந்தவை. அடி உதை இருந்தால் பெண்கள் உதவி எண் 181ஐயும் கொடுங்கள்.

தனியார் மறுவாழ்வு மையத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா?

பார்த்துவிட்டு எழுதுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா? மனநல மருத்துவர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? வீட்டார் நேரில் பார்க்கவும் போனில் பேசவும் விடுகிறார்களா? 'முதல் 30 நாள் யாரும் பார்க்கக் கூடாது' என்று சொல்லும் இடத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

'போன் பண்ணினா போதும், ராத்திரி நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க' என்றால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: குடித்த நிலையில் கையைக் கட்டிக் குப்புறப் போட்டு வண்டியில் கொண்டுபோனால் மூச்சு முட்டும், அறையில் பூட்டினால் மேலே சொன்ன 48 மணிக் கணக்கு யாரும் பார்க்காமல் ஓடும்.

வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கற பையன் வந்திருக்கான். போலீஸுக்குச் சொல்லணுமா?

போதைப்பொருள் எடுத்துக்கொண்டார் என்பதற்காக மட்டும் காவல்துறைக்குச் சொல்லும் கடமை சிகிச்சை தருபவருக்கு இல்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவரும், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். பெற்றோருக்கு இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

டேபென்டடால் போன்ற மாத்திரையை நசுக்கி ஊசியில் ஏற்றுபவருக்கு மாத்திரைத் துகள் ரத்தக் குழாயை அடைக்கும்; சீழ்க்கட்டி, இதய வால்வில் தொற்று எல்லாம் வரும். கையையும் தொடையிடுக்கையும் பாருங்கள், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளுக்குச் சம்மதம் கேளுங்கள். ஓபியாய்டு (அபின் வகை மருந்து) பழக்கத்துக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்துச் சிகிச்சை உண்டு, அது கிடைக்கும் மையத்துக்கே அனுப்புங்கள். ஒரு மாதம் நிறுத்தியபின் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அவனிடமே சொல்லிவிடுங்கள்.

முரண்டு பிடிக்கிறவரைக் கட்டாயமா அனுப்ப முடியுமா?

அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் முடியும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94ஆவது பிரிவு, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர மனநலச் சிகிச்சை தரலாம் என்கிறது. நீங்கள் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி நோயாளியின் சார்பில் பேசுபவர், அருகில் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். 72 மணி நேரம் வரை, அல்லது மனநல நிறுவனத்தில் பரிசோதிக்கும் வரை, எது முந்தியோ அதுவரை. அங்கே கொண்டுசேர்க்கும் பயணமும் இதில் அடங்கும். மின்னதிர்வுச் சிகிச்சை அடங்காது. அதற்குமேல் அவர் சம்மதமின்றி வைத்திருக்க வேண்டுமென்றால் 89ஆவது பிரிவின்படி 30 நாள் வரை. அதைப் பார்த்துக்கொள்வது அனுப்பப்படும் இடத்தின் பொறுப்பு. திக்கற்றுத் தெருவில் திரிபவர் என்றால் 100ஆவது பிரிவு காவல்துறைக்குக் கடமை விதிக்கிறது.

வன்முறையாக இருப்பவருக்கு ஹாலோபெரிடால் 5 முதல் 10 மி.கி., புரோமெத்தசின் 25 முதல் 50 மி.கி., இரண்டும் தசை ஊசியாக. வேலூர் சிஎம்சியில் நடந்த ஆய்வில் இந்தச் சேர்க்கை லோரஸெபாமைவிட வேகமாகத் தூங்கவைத்தது. முதியவருக்குப் பாதி. குடி நிறுத்தத்தில் வந்த கலக்கம் என்றால் இது வேண்டாம், லோரஸெபாம் கொடுங்கள். ஊசி போட்ட பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் மூச்சும் குறித்து, 108இல் துணையோடு, ஒருக்களித்துப் படுக்கவைத்து அனுப்புங்கள்.

குடும்பத்துக்கு எவ்வளவு சொல்லலாம்?

நியமனப் பிரதிநிதிக்கும், சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களுக்கும் தேவையானது. பிறருக்கு நோயாளி சொன்னால் மட்டும். முதலாளி, பெண் கேட்டு வரும் சம்பந்தி வீட்டார், வார்டு கவுன்சிலர் யாருக்கும் கிடையாது. விலக்கு, ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுமா டாக்டர்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆகாது என்று நேராகச் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்து ஒரு வாரம். தூங்கவே மாட்டேங்கிறா, என்னவோ பேசறா. பிரசவக் களைப்புதானே?

இல்லை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பிரசவத்தை ஒட்டிய கடும் மனநோய் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வெடிக்கும். தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. அன்றைக்கே அனுப்புங்கள், குழந்தையைப் பாட்டியோ சித்தியோ உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பெண் கருவுற்றால் பயந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வால்ப்ரோயேட் கருவுக்குப் பெருங்கேடு. அதை அந்த வாரமே மனநல மருத்துவரோடு பேசி மாற்றுங்கள்.

அனுப்பிட்டோம். போனாரான்னு எப்படித் தெரியும்?

ஒரு நோட்டு போடுங்கள்: பெயர், அனுப்பிய தேதி, இடம், போன், ஏழாம் நாள் அழைத்தோமா. செவிலியர் ஒருவர் வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். போகாதவரைத் திட்டாமல் காரணம் கேளுங்கள். பேருந்துக் கட்டணம், கூட வர ஆளில்லை, அன்றைக்குக் கூலி போய்விடும், ஓபி நேரம் முடிந்து போய்ச் சேர்ந்தார் என்பவைதான் பெரும்பாலும் பதில். அரசு மருத்துவமனை ஓபி காலையில்தான் என்பதால், எந்த பஸ், எந்தக் கட்டடம், எந்த அறை என்று சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அங்கே எழுதின மாத்திரையை நான் தொடர்ந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரண்டில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். லித்தியம் சாப்பிடுபவருக்கு முதுகுவலிக்கென்று டைக்ளோஃபெனாக்கோ, ரத்த அழுத்தத்துக்கென்று தயசைடு, எனலாப்ரிலோ சேர்த்தால் லித்தியம் அளவு ஏறிவிடும். பேதியில் நீர் வற்றினாலும் அப்படியே. கை பெரிதாக நடுங்கி, வாந்தி எடுத்து, தள்ளாடினால் லித்தியத்தை நிறுத்தி அன்றே அனுப்புங்கள். க்ளோசபின் சாப்பிடுபவர் காய்ச்சல், தொண்டைவலி என்று வந்தால் அசித்ரோமைசின் எழுதி அனுப்பிவிடாமல் முதலில் வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். அதே மருந்தில் மலச்சிக்கலும் உயிரைக் குடிக்கும், ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

மாத்திரை ஆரம்பிச்ச மூணாம் நாள் கழுத்து ஒரு பக்கம் திருகி, நாக்கு இழுத்துட்டு வந்தார். பக்கவாதமா?

ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளின் பக்கவிளைவு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பேய் கழுத்தைத் திருகுகிறது என்றே வீட்டில் நம்பியிருப்பார்கள். புரோமெத்தசின் 25 முதல் 50 மி.கி. தசை ஊசி போடுங்கள், பெரும்பாலும் அரை மணியில் இறங்கிவிடும். அந்த அரை மணியில் குடும்பத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்து நேராவதை அவர்கள் கண்ணால் பார்க்கச் செய்யுங்கள். பிறகு எழுதியவருக்குப் போன் செய்து, அளவைக் குறைப்பதா, வேறு மருந்தா, டிரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ப்பதா என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தே வீட்டுக்கு அனுப்புங்கள்.